முக்தி கம்பெனியின் போணி

மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போகிற ஊர் எதுவானாலும் அது வெளிநாடுதான் என்று முக்தி சேவா கம்பெனியின் டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். அந்தமானும் இந்தியாதான், அங்கேயும் அதே ரூபாய், அதே தபால்தலை, அதே ரேஷன் அரிசி என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சேலம் கிளைக்குப் போகிற மேனேஜருக்கு பஸ் சார்ஜோடு சரி. வெளிநாட்டுக் கிளைக்குப் போகிறவருக்குத் தனிப்படி, கம்பளிக் கோட்டு, குடும்பத்தைப் பார்த்துவிட்டு வர அடிக்கடி லீவு. எந்த மேனேஜர் வாயைத் திறப்பார்?

கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். நாம் செய்ய வேண்டிய புண்ணிய காரியங்களை நமக்குப் பதிலாக அவர்கள் செய்து கொடுப்பார்கள். பழனியில் மொட்டை போட உங்களுக்கு நேரமில்லையா? கம்பெனியின் ஆள் ஒருவன் உங்கள் பேரைச் சொல்லி மொட்டை போட்டுக்கொள்வான். வெள்ளிக்கிழமை விரதம் இருக்க முடியவில்லையா? அதற்கென்று சம்பளத்துக்கு ஒருவர் பட்டினி கிடந்தார். திதி, அர்ச்சனை, அஸ்தி கரைப்பது எல்லாம் உண்டு. மெட்ராஸில் வியாபாரம் சூடாக நடந்தது. தலையில் முடி மிச்சமிருக்கிற ஆள் கிடைக்காததுதான் குறை என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தச் சூடு ஆறிப்போகவே, ‘வெளிநாட்டுச் சந்தை’யில் கால் வைப்பது என்று அறுபதுகளின் நடுவில் முடிவானது. அந்தக் கால் வந்து மிதித்தது என் பக்கத்து வீட்டுக்காரன் ராஜமாணிக்கத்தை.

ராஜமாணிக்கமும் நானும் போர்ட் பிளேரில் ஒரே மரமில்லில் கட்டை அளந்து எழுதுகிற குமாஸ்தாக்கள். டாலிகஞ்சில் சுவர் ஒட்டின வீடுகள். அவன் மனைவி ஜெயமணி முசிறிக்காரி, காவேரித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தபோது நாலு நாளும் வாந்தி எடுத்திருக்கிறாள். கரை இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “இனி என்னைக் கப்பல்ல ஏத்தாதீங்க” என்பதுதான். அதற்கப்புறம் பிறந்த வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதற்கும் அவள் போகவில்லை. மரைன் ஹில் பக்கம் நடந்து போனால்கூட, கடல் தெரிகிற வளைவில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முந்தானை முடிச்சில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும்.

மஞ்சள் காமாலை வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியாக நினைவு இருந்தபோது நானும் என் மனைவியும் பக்கத்தில் இருந்தோம்.

“என்னை இந்த உப்புத்தண்ணியில மட்டும் கரைச்சுடாதீங்க. காவேரியில விடுங்க.”

ராஜமாணிக்கத்துக்கு விளையாட்டாகப் பேசி அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை. “காவேரிக்குப் போவணும்னா இந்தக் கடலைத் தாண்டித்தானே ஜெயமணி போவணும்?”

“அப்ப எனக்கு வாந்தி வராதுல்ல” என்றாள். அவள்தான் அவனைச் சிரிக்க வைத்தாள்.

பால் தெளித்து எலும்பு பொறுக்கி மண்பானையில் இட்டு, அவளுடைய பச்சைப் புடவையில் ஒரு துண்டு கிழித்து வாய் கட்டினான். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது நம் வழக்கம். அதனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் நின்ற மாமரத்தில் பானையைக் கட்டித் தொங்கவிட்டான். அடுத்த கப்பலில் போய்விடலாம் என்று நினைத்தான். மில்லில் சுட்டி, அதாவது லீவு, கிடைத்தால் கப்பலில் இடம் கிடைக்காது. கப்பலில் இடம் கிடைத்தால் சுட்டி கிடைக்காது. ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், ஊறுகாய் ஜாடி வாங்கிக்கொள்கிறவர்கள் அஸ்திப் பானைக்குக் கை நீட்டவில்லை. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. அந்தமான் மழை தெரியுமல்லவா, விடாமல் கொட்டும். ராஜமாணிக்கம் மாமரத்தடியில் நின்று பானைக்குக் குடை பிடிப்பான். அதைப் பார்க்க முடியாமல் என் மனைவி பின்கதவைச் சாத்திவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் முக்தி கம்பெனியின் வெளிநாட்டு மேனேஜர் பக்தவத்சலம் வந்து இறங்கினார். கொதிக்கிற வெயிலில் கம்பளிக் கோட்டு. கையில் பாஸ்போர்ட். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் அதில் முத்திரை குத்தச் சொல்லி நின்றிருக்கிறார். குத்த ஆளில்லை. கடைசியில் போஸ்டாபீசுக்குப் போய், தபால்காரரைக் கெஞ்சிக் கவர் மேல் குத்துகிற முத்திரையைக் குத்திக்கொண்டுதான் ஓய்ந்தார்.

அபர்தீன் பஜாரில் உதுமான் கடைக்கு மேலே மாடி காலியாக இருந்தது. உதுமான் ராமநாதபுரம் பக்கத்து ஆள். அரிசி, மண்ணெண்ணெய், கயிறு, பீடி எல்லாம் விற்பார். சரக்கு ஏற்ற சொந்தத்தில் ஒரு மோட்டார் படகும் வைத்திருந்தார். பக்தவத்சலம் அவரிடம், மனப்பாடம் செய்து வந்த ஹிந்தியில், “ஆப் தமிழ் ஜான்தே ஹைன்?” என்று கேட்டார்.

“நான் பனைக்குளத்துக்காரன் சாப். வாடகையைத் தமிழ்லயே பேசலாம்” என்றார் உதுமான்.

‘உள்ளூர்வாசிகள் தமிழ் பேசுகிறார்கள், சாதகமான சந்தை’ என்று அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குத் தந்தி போனது.

ராஜமாணிக்கம் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பானையை மரத்திலிருந்து இறக்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஜாருக்கு நடந்தான். நான் கூடப் போனேன். மாடியில் அன்றுதான் திறப்பு விழா. ஒருத்தரும் வராமல் பக்தவத்சலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பானையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“வாங்க, வாங்க! நீங்கதான் போணி!”

உதுமானுக்குப் பொறுக்கவில்லை. “சாப், எங்க கடையில எல்லாம் வெள்ளிக்கிழமை போணிக்கு வெல்லமோ சக்கரையோ குடுப்போம். போணிக்கே அஸ்தியா? ஆவாது சாப்.”

“மிட்டாய்க் கடைக்கு மிட்டாய் போணி” என்றார் பக்தவத்சலம். “எங்களுக்கு இதுதான் மிட்டாய்.”

ராஜமாணிக்கத்துக்கு ஒரு மாலை, பானைக்கு ஒரு மாலை. போட்டோ பிடிக்க வந்தவன் வழக்கம்போல “கொஞ்சம் சிரிங்க” என்றான். ராஜமாணிக்கம் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவன், சிரித்தான். அந்தப் போட்டோவைப் பிறகு பெரிதாக்கி மாடிப்படியில் மாட்டினார்கள்.

“பானை எப்ப சார் போவும்?”

“அடுத்த கப்பல்ல.”

அடுத்த கப்பல் வந்தது, போனது. பானை மாடியில் கண்ணாடி பீரோவுக்குள் மாலையோடு உட்கார்ந்திருந்தது. கேட்கப் போனால் பக்தவத்சலம் ஒரு தந்தியை நீட்டினார். ராஜமாணிக்கம் போணி செய்த அதே நாளில், கம்பெனிச் சேர்மன் குழந்தைவேலு ஒரு பெரிய சொத்து வழக்கில் ஜெயித்துவிட்டாராம். ஆகவே ராஜமாணிக்கத்தின் கை ராசியான கை. வெளிநாட்டில் திறக்கப்போகிற எல்லாக் கிளைகளுக்கும் அந்தக் கையால், அந்தப் பானையால்தான் போணி நடக்க வேண்டும் என்பது சேர்மன் உத்தரவு.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்பார்களே, இவர்கள் மெட்ராஸ் கோர்ட்டுக்கும் மாமரத்துப் பானைக்கும் போட்டார்கள்.

“இன்னும் கிளையா? இங்கயே யாரும் வரலையே சார்” என்று நான் கேட்டேன்.

பக்தவத்சலம் பாடம் நடத்துகிறவர் மாதிரி எழுந்து நின்றார். “ஒரு நாட்டுல கால் வெச்சா மட்டும் போதாது, சார். வெச்ச காலை எடுக்கக் கூடாது. இன்னொரு காலையும் வெக்கணும். அப்புறம் உட்காரணும். அப்புறம் காலை நீட்டிப் படுக்கணும். அதுக்குப் பேர்தான் விரிவாக்கம்.”

“படுத்தப்புறம் வீட்டுக்காரனை வெளியில போகச் சொல்லணும்” என்றார் உதுமான்.

“அது அஞ்சாவது கட்டம்” என்றார் பக்தவத்சலம். அவர் கேலி பேசவில்லை.

இரண்டாவது கிளை ரங்கத்தில். இன்றைக்குப் போல அப்போது ரோடும் பஸ்ஸும் கிடையாது, கடல் வழிதான். மேற்கே மெட்ராஸுக்குப் போக வேண்டிய பானை வடக்கே புறப்பட்டது. ராஜமாணிக்கம் சம்பளமில்லாச் சுட்டி போட்டான். துணைக்கு நானும் போனேன். படகில் அவன் பானையை மடியில் வைத்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். நடுக்கடலில் படகு ஆடத் தொடங்கியதும் சட்டைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, பானை வாயில் கட்டியிருந்த பச்சைத் துணிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். ரங்கத் வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை. பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரங்கத்தில் பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய விவசாயிகள். டீ கொடுக்கிறார்கள் என்று வந்து உட்கார்ந்தார்கள். பக்தவத்சலம் ஹிந்தியில் பிரசங்கம் செய்தார். உங்கள் பாவங்களை எங்களிடம் ஒப்படையுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்ல நினைத்திருக்க வேண்டும். கேட்டவர்களுக்கு என்ன புரிந்ததோ, ஒரு பெரியவர் எழுந்து, கம்பெனி உழவு மாடு கொடுக்குமா என்றார். இன்னொருவர் பம்பு செட் கேட்டார். ‘விசாரணைகள் குவிகின்றன’ என்று தந்தி போனது. ராஜமாணிக்கத்துக்கு மாலை, பானைக்கு மாலை. போணி ஆயிற்று. அதற்கப்புறம் அந்தக் கிளையில் ஈ மட்டும்தான் நுழைந்தது.

“பானை எப்ப சார் போவும்?”

“மாயாபந்தர் முடியட்டும்.”

விசாரணைகள் குவிவதால் மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். வட்டார மேனேஜர் வந்தார். சந்தை வளர்ச்சி அதிகாரி வந்தார். உள்ளூர்ப் பழக்கவழக்க ஆராய்ச்சி அதிகாரி என்று ஒருவர் வந்தார். அவர் எங்கள் தெருவில் ஒரு வாரம் சுற்றி, வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். இங்குள்ளவர்கள் அரிசிச்சோறு உண்கிறார்கள், வெற்றிலை போடுகிறார்கள், மாமன் மகளைக் கட்டுகிறார்கள், ஆகவே இவர்களுடைய பண்பாடு நமக்குப் பழகக் கொஞ்சகாலம் பிடிக்கும் என்று எழுதி அனுப்பினார். அவர் தஞ்சாவூர்க்காரர். பழகக் கொஞ்சகாலம் வேண்டும் என்பதால் அவருக்குப் படி நீடித்தது. எல்லாமாகச் சேர்ந்து பதினோரு அதிகாரிகள்.

ராஜமாணிக்கத்துக்குக் கடைசியில் மில்லில் ஒரு மாதச் சுட்டி கிடைத்தது. கும்பிட்டு வாங்கிக்கொண்டு கப்பல் ஆபீசுக்கு ஓடினான். டிக்கெட் இல்லை. படுக்கிற பங்க் இல்லை, டெக்கிலும் இடமில்லை. என்ன கூட்டம் என்று விசாரித்தால், முக்தி கம்பெனி அதிகாரிகள் வெளிநாட்டு லீவில் ஊருக்குப் போகிறார்கள். அந்தச் சுட்டியை அவன் என்ன செய்தான் தெரியுமா? தினமும் மாடியேறிப் போய் பீரோ எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

ஒருநாள் அவனுக்கும் பொறுமை போயிற்று. “சார், எனக்கு உங்க சேவை வேண்டாம். பானையைக் குடுத்துடுங்க. நான் எப்படியாவது கொண்டு போயிக்கிறேன்.”

பக்தவத்சலம் பதறிப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷர் உண்மை பேசியதை நான் கேட்டது அன்றுதான்.

“ராஜமாணிக்கம், நல்லா யோசிச்சுப் பாருங்க. போர்ட் பிளேர் கிளையில யார் கஸ்டமர்? உங்க சம்சாரம். ரங்கத்துல யாரு? உங்க சம்சாரம். நாளைக்கு மாயாபந்தர்ல யாரு? அவங்கதான். அவங்க கிளம்பிட்டாங்கன்னா நாங்க அத்தனை பேரும் கிளம்பணும். எனக்குப் பெரியவன் காலேஜ்ல சேர்ந்திருக்கான். பொண்ணுக்கு வரன் பாக்குறோம். கொஞ்சம் மனசு வைங்க. அவங்களுக்கு என்ன அவசரம்?”

ஜெயமணி உயிரோடு இருந்தபோது ஒருத்தனுக்குத்தான் சமைத்துப் போட்டாள். செத்தபிறகு பதினோரு பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிந்து முடிந்த சாம்பலையும் விடாதவர்களை அன்றுதான் பார்த்தேன். பீரோச் சாவி தலைமை அலுவலகத்தின் அனுமதியில்லாமல் திறக்காது என்று சொல்லி எங்களைக் கீழே அனுப்பினார்கள்.

மாயாபந்தர் திறப்பு விழாவுக்கு ராஜமாணிக்கத்தால் போக முடியவில்லை. சுட்டி தீர்ந்துவிட்டது, இனி வராவிட்டால் வேலை போய்விடும் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். ராசியான கை இல்லாமல் போணி எப்படி என்று கம்பெனியில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். அந்தக் கை பட்ட பானை இருக்கிறது, அது போதும் என்று முடிவாயிற்று. பக்தவத்சலம் தாமே பானையை எடுத்துக்கொண்டு போனார். புறப்படுகிற அன்று ராஜமாணிக்கம் ஜெட்டிக்கு ஓடிப்போய் அவரிடம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தான். அவர் அதைத் தமக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்து, வாங்கி, பக்கத்தில் நின்ற பியூனிடம் கொடுத்துவிட்டார்.

மாயாபந்தர் கிளையும் திறந்தது. ‘மூன்று கிளைகள், கஸ்டமர் யாரும் விலகவில்லை’ என்று அறிக்கை போனது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் கோடையில் சேர்மன் குழந்தைவேலு நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அவர் மூளையில் புதிய திட்டம் ஒன்று உதித்திருந்தது. கஸ்டமரைக் காவேரிக்கு அனுப்புவதால்தானே கப்பல் செலவு? காவேரியைக் கஸ்டமரிடம் அனுப்பிவிட்டால்? ‘வாசலில் காவேரி’ என்று திட்டத்துக்குப் பெயர். இரண்டு பெரிய தகர டிரம்களில் காவேரித் தண்ணீர் சேர்மனுக்கு முந்தின கப்பலிலேயே வந்து இறங்கி உதுமான் கடைத் தாழ்வாரத்தில் நின்றது. பாசி பிடித்தது. கொசு முட்டையிட்டது. ராஜமாணிக்கத்துக்கு மட்டும் அந்த டிரம்களைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. மில்லிலிருந்து திரும்பும்போது நின்று மூடியைத் திறந்து பார்ப்பான்.

“எப்படியோ காவேரித் தண்ணிதானே. அவ கடலைத் தாண்ட வேண்டாம். அதுவே தாண்டி வந்துருச்சு” என்றான் என்னிடம்.

சேர்மன் வந்தார். போர்ட் பிளேரில் கோடையில் தண்ணீர்க் கஷ்டம் எல்லாரும் அறிந்தது. ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். விழா அன்று காலை நான் பஜாருக்குப் போனபோது உதுமான் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணே, அந்த ஹராமி சேர்மன் ஒரு டிரம் தண்ணியைத் தலையில ஊத்திக் குளிச்சுட்டான். இன்னொரு டிரம்ல பாதி பதினோரு பேரும் கால் கழுவிப் பல் தேய்ச்சாச்சு. கேட்டா, ‘கம்பெனி சரக்கோட தரத்தைக் கம்பெனியே பாக்கணும்’ங்கிறான்.”

தாழ்வாரம் பூராவும் சோப்பு நுரை.

விழா மாடியில். ராஜமாணிக்கம் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, யாரும் சொல்லாமலே மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தான். நடுவில் ஒரு பித்தளை அண்டாவில் மிச்சக் காவேரி. சேர்மன் குங்குமப்பொட்டும் பட்டுச் சட்டையுமாக எழுந்து பேசினார்.

“இந்த நாட்டு மக்கள் நம்மை ஏற்றுக்கொண்டார்கள். ஏன்? நாம் அவர்களுடைய துக்கத்தைப் புரிந்துகொண்டோம். ஒரு துக்கம் வந்தால் அதை ஒரு கிளையோடு முடிய விடக் கூடாது. அதை வளர்க்க வேண்டும். அடுத்த வருஷம் நிக்கோபார்!”

பதினோரு பேரும் கை தட்டினார்கள்.

பீரோ திறந்தது. பானையைக் கொண்டுவந்து ராஜமாணிக்கத்தின் கையில் கொடுத்தார்கள். அவன் வாங்கியவுடனே தயங்கினான். பானையின் வாயில் பச்சைத் துணி இல்லை. கம்பெனி முத்திரை போட்ட புது மஞ்சள் துணி கட்டியிருந்தது.

“இதுல அவ புடவைத் துணி இருந்துச்சே சார்?”

“எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி துணிதான் கட்டணும்னு ரூல்” என்றார் பக்தவத்சலம். அவர் கண் அவனைப் பார்க்கவில்லை.

ராஜமாணிக்கம் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே கை விட்டான். கரியும் சாம்பலுமாக ஒரு பிடி எடுத்தான். விரலில் ஏதோ குத்தியது. வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன், உதுமானும் பார்த்தார். அது ஒரு மீனின் நடுமுள். தலையிலிருந்து வால் வரைக்கும் முழுசாக இருந்தது.

உதுமான்தான் போய் பக்தவத்சலத்தின் கோட்டைப் பிடித்தார். “சொல்லு சாப். என்ன பண்ணின?”

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். “லாங் ஐலண்ட் தாண்டினதும் அலை ஜாஸ்தியாயிடுச்சு. தலை சுத்திச்சு. ஓரமாப் போய் வாந்தி எடுத்தேன். கையில பானை இருந்தது. கம்பியைப் பிடிக்கிறதா, பானையைப் பிடிக்கிறதான்னு... கம்பியைப் பிடிச்சுட்டேன். காலையில விழா. போணி நடக்கலைன்னா கிளை இல்ல. மாயாபந்தர்ல ஒரு பானை வாங்கி... தங்கின இடத்துல அடுப்புச் சாம்பல்தான் கிடைச்சது.”

ராஜமாணிக்கம் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் அந்த முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, “ரொம்ப வாந்தியா சார்?” என்று கேட்டான்.

“ஆமாங்க.”

“எலுமிச்சம்பழம் குடுத்தேனே சார்.”

அப்போது சேர்மன் தொண்டையைக் கனைத்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்த அதிகாரிகள் தலையைக் குனிந்திருந்தார்கள். வந்தது கோபமில்லை.

“அப்படின்னா கரைச்சாச்சு!” என்றார். “யோவ் பக்தவத்சலம், ஏன்யா இதை மறைச்சே? காவேரி கடைசியில எங்க போய்ச் சேருது? இதே கடல்லதானே? நாம குறுக்கு வழியில நேராவே சேத்திருக்கோம். வெளிநாட்டுல நம்ம கம்பெனி முடிச்சுக் குடுத்த முதல் சேவை இது. கஸ்டமருக்கு ஒரு மாலை போடுங்க!”

அவர்கள் மாலையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ராஜமாணிக்கம் விலகி நடந்து, மூலையில் கிடந்த குடத்தை எடுத்தான். பித்தளை அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டு நிரப்பினான். யாரும் தடுக்கவில்லை. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அவன் சிரித்த போட்டோ மாட்டியிருந்த அதே படி.

உதுமான் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுப் படகை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம். லாங் ஐலண்டைத் தாண்டியதும், அலை அதிகமாகிற இடத்தில் மோட்டாரை நிறுத்தினார். எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? எங்கே பார்த்தாலும் ஒரே நீலம். ராஜமாணிக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்தான். ஜெயமணி முகம் திருப்பிக்கொண்ட கடலை அவன் அன்றுதான் நேராகப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

“ஜெயமணி, காவேரித் தண்ணி கொண்டாந்திருக்கேன்” என்று சொல்லி, குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பிறகு சட்டைப்பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீறித் தண்ணீரில் விட்டான். அது மிதந்துகொண்டே போனது. உதுமான் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு ஏதோ ஓதினார்.

அந்த டிரம்களில் வந்தது காவேரித் தண்ணீர்தானா, இல்லை மெட்ராஸ் குழாயில் பிடித்ததா என்று எனக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம். அதை நான் அவனிடம் கேட்கவில்லை. எவனுக்காவது கேட்கத் துணிவு வந்தால் அவன் பல்லை உடைப்பேன்.

சேர்மன் மெட்ராஸ் திரும்பினார். மறு கப்பலில் புதிய போர்டு ஒன்று வந்து உதுமான் கடை மாடியில் ஏறியது. ‘வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் புதிய வசதி: கடல் சேவைப் பிரிவு. காத்திருக்க வேண்டாம். நேரடிக் கரைப்பு.’ பிரிவுக்கு ஓர் அதிகாரியைப் போட்டுவிட்டார்கள். அவருக்குக் கடல்படி தனி. பக்தவத்சலத்துக்கு உத்தியோக உயர்வு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் டாலிகஞ்சுக்கே வந்துவிட்டார். நாங்கள் மில்லிலிருந்து வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தோம். அவர் கையில் தாம்பாளம். அதில் மாலை, பழம், பாக்கு.

“ராஜமாணிக்கம், நடந்தது நடந்துடுச்சு. சேர்மன் உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கச் சொன்னார். நீங்க பானை எதுவும் கொண்டுவர வேண்டாம். ராசியான கை. நாளைக்கு வந்து நின்னாலே போதும். நீங்கதான் போணி பண்ணணும்.”

ராஜமாணிக்கம் அவரை மேலும் கீழும் பார்த்தான். தாம்பாளத்தைப் பார்த்தான். வாயில் அதக்கியிருந்த வெற்றிலையை நிதானமாக ஒரு பக்கம் ஒதுக்கினான். பிறகு அடிவயிற்றிலிருந்து காறி, அந்தத் தாம்பாளத்தின் நடுவில், மாலையின் மேல் சிவக்கச் சிவக்கத் துப்பினான்.

“இந்தாங்க போணி” என்றான். பக்தவத்சலம் தாம்பாளத்தைக் கீழே போடவும் முடியாமல், ஏந்திக்கொண்டு நிற்கவும் முடியாமல் நின்றார். என் மனைவி சாத்தி வைத்திருந்த எங்கள் வீட்டுப் பின்கதவு அன்றைக்குத்தான், ரொம்ப நாளைக்கு அப்புறம், திறந்திருந்தது.